மும்பையில் புதிதாக அறை எடுத்தவர்களுக்கு: கடிக்கும் பூச்சிகளை இயற்கை முறையில் சமாளிப்பது எப்படி?

வேலைக்காக மும்பைக்கு வந்து, சயானிலோ அண்டாப் ஹில்லிலோ செம்பூரிலோ நான்கைந்து பேரோடு ஓர் அறையில் தங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வந்த முதல் மழைக்காலத்திலேயே உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்புமாக நான் பட்ட பாடு பெரிது. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். வேப்பிலை என்றார் ஒருவர், கற்பூரம் என்றார் இன்னொருவர், கட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார் மற்றொருவர். பணமும் போனது, தூக்கமும் போனது. மருத்துவரிடமும் மாநகராட்சி ஊழியர்களிடமும் கேட்டுக் கேட்டுத்தான் தெளிவு பிறந்தது. இயற்கைப் பொருள்களில் உண்மையாகவே பலன் தருபவை உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பூச்சிக்கு, ஒரு குறிப்பிட்ட அளவுக்குத்தான் உதவும். ஆகவே மருந்துக் கடைக்குப் போகும் முன் முதல் படியை முடித்துவிடுங்கள்.

1. எது கடிக்கிறது என்று உறுதிசெய்யுங்கள்

தடிப்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் யாருக்கு என்று பாருங்கள்.

மூட்டைப்பூச்சி என்றால், தூங்கும்போது துணி மூடாத இடங்களில் தடிப்பு வரும். பல நேரம் வரிசையாக இருக்கும். இரவில் திடீரென்று விளக்கைப் போட்டு, கட்டிலின் மூட்டுகள், மெத்தையின் தையல் ஓரம், பிளைவுட் இடுக்கு, சுவரில் மாட்டிய நாள்காட்டியின் பின்புறம் எல்லாவற்றையும் கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். கரும்புள்ளிகளும் உரிந்த தோல்களும் கிடைத்தால் சந்தேகம் வேண்டாம்.

சிரங்கு என்றால், அரிப்பு விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, மறைவிடம் ஆகியவற்றில் இருக்கும், இரவில் கூடும். இது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய உண்ணி தோலுக்குள் குடைந்து முட்டையிடுவதால் வருவது. முதல் முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதற்குள் அவர் மற்றவர்களுக்குப் பரப்பியிருப்பார். எனவே நேற்று வந்து சேர்ந்த அறைத்தோழர்மேல் பழி போடாதீர்கள்.

மூன்றாவது, மும்பையில் பலர் யோசிக்காத ஒன்று: புறா உண்ணி. ஜன்னல் விளிம்பிலோ ஏசிப் பெட்டியின் பின்னாலோ புறா கூடு கட்டியிருந்து, குஞ்சுகள் பறந்துபோன பிறகு, பசித்த உண்ணிகள் ஜன்னல் வழியாக உள்ளே வரும். ஜன்னலோரம் படுப்பவருக்கு மட்டும் கடி அதிகம் என்றால் முதலில் வெளியே எட்டிப் பாருங்கள்.

கொசுவை அடையாளம் காணச் சொல்ல வேண்டியதில்லை. மெத்தைத் தூசியில் வாழும் உண்ணி கடிக்காது. காலையில் தும்மலும் மூக்கடைப்பும் தரும். உறைகளை வாரம் ஒரு முறை சூடான நீரில் துவைத்தால் போதும்.

2. மூட்டைப்பூச்சிக்குச் சூடுதான் முதல் மருந்து

வேப்பிலையை மெத்தைக்கு அடியில் பரப்புவது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் பழக்கம். மூட்டைப்பூச்சி அதற்கு அசைவதில்லை. அதை அசைப்பது சூடு. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பம் பூச்சியையும் முட்டையையும் சேர்த்தே கொல்லும்.

ஒரே நாளில், விடுமுறை நாளில், அறையில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து செய்யுங்கள். துணி, போர்வை, தலையணை உறை, பை எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டுங்கள். திறந்தபடி தூக்கிக்கொண்டு போனால் வழியெல்லாம் விதைத்துவிட்டுப் போவீர்கள். 60 டிகிரி நீரில் துவைக்க வேண்டும். அல்லது லாண்டிரியில் உலர்த்தும் எந்திரத்தில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்ல வேண்டும். துவைக்க முடியாத துணிகளின் மடிப்பையும் தையலையும் சூடான இஸ்திரிப் பெட்டியால் மெதுவாக அழுத்தித் தேயுங்கள். இரும்புக் கட்டில் என்றால் மூட்டுகளில் கொதிக்கும் நீரை ஊற்றலாம். இரண்டு பேராகச் செய்யுங்கள், செருப்பு அணிந்துகொள்ளுங்கள்.

மெத்தையை வெயிலில் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் அது வீண் வேலை. அக்டோபர் வெயிலிலும் ஏப்ரல், மே மாதங்களிலும்கூட, பூச்சிகள் நிழல் விழும் அடிப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். வெயிலை மட்டும் நம்பாதீர்கள்.

இப்போது வேப்பெண்ணெய்க்கு இடம் வருகிறது. செக்கில் ஆட்டிய எண்ணெய் 2 தேக்கரண்டி, திரவ சோப்பு 1 தேக்கரண்டி, வெதுவெதுப்பான நீர் 1 லிட்டர். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் நீரில் கலக்காது. கலந்த சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். கட்டில் இடுக்குகளில் நேராகப் பூச்சியின் மேலேயே படும்படி தெளித்தால் சாகும். காய்ந்த பிறகு அந்த இடத்தில் நடக்கும் பூச்சிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. வாடை சில நாள் இருக்கும். வெள்ளைச் சுவரில் கறை பிடிக்கும், அதற்கு வீட்டுக்காரர் டெபாசிட்டில் கை வைக்கக்கூடும். சுவரில் தெளிக்காமல் துணியில் நனைத்து இடுக்குகளில் மட்டும் துடையுங்கள்.

அடுத்து கட்டிலைத் தனிமைப்படுத்துங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, போர்வை தரையில் தொங்காமல் செருகி, நான்கு கால்களையும் கிண்ணங்களில் வையுங்கள். நம் பாட்டிமார் எறும்புக்குச் செய்த இந்த வேலை மூட்டைப்பூச்சிக்கும் பொருந்தும். ஆனால் கிண்ணத்தில் வெறும் நீரை விட்டால் டெங்குக் கொசு முட்டையிடும். எண்ணெயோ சோப்பு நீரோ ஊற்றி, வாரம் ஒரு முறை கழுவி மாற்றுங்கள்.

முட்டை பொரிய ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதனால் முழு வேலையையும் 10 முதல் 14 நாளுக்குள் மறுபடி செய்தே ஆக வேண்டும். பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். கடி நின்றதும் விட்டுவிடுகிறார்கள். வளர்ந்த பூச்சி இரத்தம் குடிக்காமலே பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால், அறையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்வருவதும் பயன் தராது.

ஆள் வைத்துச் செய்வதானால், ஓர் அறைக்கு இரண்டு தடவைக்கும் சேர்த்து 1,500 முதல் 3,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். இரண்டாவது தடவை வருவதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். "ஒரே நாளில் முடித்துவிடுகிறேன், மாத்திரை வைத்தால் போதும்" என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த மாத்திரை பெரும்பாலும் தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு. அதிலிருந்து வரும் வாயு சுவர் இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். தூங்குகிற குழந்தைகளைக் கொல்லும். பொதுமக்களுக்கு அதை விற்பதே தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெயும் வேண்டாம். பஞ்சு மெத்தையில் அது தீக்கு அழைப்பு.

3. சிரங்குக்கு இயற்கை வைத்தியம் துணைக்கு மட்டும்

இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் அவதிப்படுவது இதில்தான். 1992இல் வெளியான ஓர் ஆய்வில், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுதைப் பூசிய 814 பேரில் 97 சதவீதத்தினர் 3 முதல் 15 நாளில் குணமானதாகச் சொல்லியிருந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது முன்னோட்ட ஆய்வு; மருந்து போடாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஐந்து பேர் பாய் விரித்துப் படுக்கும் அறையில் அதை மட்டும் நம்பி வாரங்களைக் கழிக்க முடியாது.

மருத்துவர் பொதுவாக எழுதித் தருவது 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம். சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பூச்சிக்கொல்லியின் மாதிரியில் செயற்கையாகச் செய்யப்பட்டது அது. கழுத்திலிருந்து கால்விரல் வரை, நக அடி, விரலிடுக்கு, தொப்புள் விடாமல் இரவில் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. 30 கிராம் டியூப் ஒன்று பெரும்பாலும் ஓர் ஆளுக்கு ஒரு தடவைக்கே சரியாக இருக்கும். நூறு ரூபாயை ஒட்டி ஆகும். அறைக்கு மொத்தமாகக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

அரிப்பே இல்லாதவரும் அதே இரவில் பூச வேண்டும். இதற்கு ஒருவரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் இந்த முழு வேலையிலும் கடினமானது. "எனக்கு ஒன்றும் இல்லையே" என்பார். அவருக்கு முதல் படியில் சொன்ன 4 முதல் 6 வாரக் கணக்கைப் பொறுமையாக விளக்குங்கள். தேவையானால் அவர் டியூபுக்கான பணத்தை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் விட்டால் எல்லோருக்கும் திரும்ப வரும்.

கடந்த மூன்று நாளில் உடுத்திய துணி, துண்டு, போர்வையை மறுநாள் காலை சூடான நீரில் துவையுங்கள். சூடான நீருக்கு வழியில்லையா? பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் மூலையில் வைத்துவிடுங்கள். இந்த உண்ணி மனித உடலை விட்டு இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிர்வாழாது. செலவே இல்லாத வழி இது.

உண்ணி செத்த பிறகும் அரிப்பு 2 முதல் 4 வாரம் நீடிக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் கிரீமைப் பூசாதீர்கள், தோல் எரியும். இந்த இடைவெளியில்தான் நம் வைத்தியம் அருமையாக உதவுகிறது. வேப்பிலை போட்டுக் கொதித்து ஆறிய நீரில் குளிப்பது, பிறகு தேங்காயெண்ணெய் தடவுவது, இரண்டும் இதம் தரும். கந்தகக் களிம்பும் பழைய, நம்பகமான மருந்து. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவர்கள் அதைத் தருவதுண்டு. ஆனால் கந்தகப் பொடியை வாங்கி வீட்டில் எண்ணெயில் குழைக்காதீர்கள். அளவு கூடினால் தோல் வெந்துவிடும்.

பெரிய பொறி ஒன்று: மெடிக்கல் கடையில் "அரிப்பு" என்று கேட்டால், ஸ்டீராய்டு கலந்த கிரீமை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். உள்ளே உண்ணி பெருகும். பிறகு மருத்துவரே அடையாளம் காண முடியாதபடி சிரங்கின் தோற்றம் மாறிவிடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

சீட்டுக்கு அதிகம் செலவாகாது. மாநகராட்சியின் ஆப்லா தவாகானா மருத்துவ மையங்களில் பார்ப்பதும் மருந்தும் இலவசம். பல மையங்கள் மாலையிலும் திறந்திருக்கும் என்பதால் வேலை முடிந்து போகலாம். தோல் மருத்துவரையே பார்க்க வேண்டுமென்றால் சயான் மருத்துவமனை, பரேலில் கேஇஎம். காலையிலேயே வரிசையில் நின்று கேஸ் பேப்பர் எனும் நோயாளிப் பதிவுச் சீட்டு எடுக்க வேண்டும். ஆதார் அட்டையும் முன்பு பூசிய டியூப்களின் அட்டைப்பெட்டிகளும் கையில் இருக்கட்டும். எதைப் பூசினோம் என்று மருத்துவருக்குத் தெரிவது பாதி வேலை.

4. புறாக் கூடு இருந்தால்

கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் காத்திருங்கள். முட்டை பொரிய ஏறக்குறைய 18 நாள், குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதம். அதுவரை ஜன்னலை மூடி, விளிம்பைச் சோப்பு நீரால் துடைத்து வாருங்கள். பறந்ததும் தாமதிக்காமல் கூட்டை எடுங்கள். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கினால் அந்தத் தூள் நுரையீரலைப் பாதிக்கும். நீர் தெளித்து நனைத்த பிறகு வாருங்கள். பிறகு வலை அடியுங்கள். வலைக்கு வீட்டுக்காரரின் சம்மதமும் சொசைட்டியின், அதாவது கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்தின், அனுமதியும் தேவைப்படலாம்; சதுர அடிக் கணக்கில் கூலி சொல்வார்கள், ஜன்னலை நீங்களே அளந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். இந்த உண்ணி மனிதத் தோலுக்குள் குடையாது. சிரங்குக் கிரீம் இதற்குத் தேவையில்லை.

5. கொசு: பூச்சுக்கு முன் தண்ணீர்

டெங்கு பரப்பும் கொசு பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலைக்கு முன்பும் கடிக்கும். அது முட்டையிடுவது சாக்கடையில் இல்லை, தெளிந்த நீரில். முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் என்பதால் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, இவற்றில் தேங்கிய நீரைக் கொட்டுங்கள்: பாட்டிலில் வளரும் மணி பிளாண்ட், ஃபிரிட்ஜின் பின்தட்டு, ஏசி நீர் சொட்டும் வாளி, கூரைத் தார்ப்பாயின் மடிப்பு, தண்ணீர் வராத நேரத்துக்குப் பிடித்து வைத்த டிரம். கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். மலேரியா பரப்பும் நகரத்துக் கொசு மூடி சரியில்லாத மாடித் தொட்டிகளிலும் வளரும். மூடியைச் சரிசெய்யும்படி சொசைட்டிச் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

உடம்பில் பூச: 100 மில்லி தேங்காயெண்ணெயில் 2 மில்லி வேப்பெண்ணெய், அதாவது அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. இந்த 2 சதவீதக் கலவை, மலேரியா பரப்பும் அனாபிலிஸ் வகைக் கொசுக்களிடமிருந்து 12 மணி நேரம் காத்ததாக இந்திய ஆய்வாளர்கள் 1993இல் பதிவுசெய்தார்கள். எல்லாக் கொசுவுக்கும் அந்த 12 மணி நேரத்தை எதிர்பார்க்க வேண்டாம். இரவில் கொசுவலைக்குத் துணையாகப் பயன்படுத்துங்கள். முதலில் முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். எலுமிச்சைப் புல் எண்ணெய், சிட்ரோனெல்லா ஆகியவற்றின் பலம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். மறுபடி பூச வேண்டும். செடியிலிருந்து வரும் பொருள்களில் நீண்ட நேரம் நிற்பது எலுமிச்சை மணம் கொண்ட யூகலிப்டஸ் மரத்திலிருந்து எடுக்கும் பிஎம்டி. 3 வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு அது ஆகாது.

நொச்சி இலைப் புகை கொசுவை விரட்டும்தான். ஆனால் திண்ணையும் முற்றமும் இருந்த வீட்டுக்கானது அது. பத்துக்குப் பத்து அறையில் கதவைச் சாத்திப் புகை போட்டால் பாதிக்கப்படுவது உங்கள் நுரையீரல். கொசுவத்திச் சுருளும் அப்படியே. ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். தனிக்கட்டில் வலை ஒன்றும் ஜன்னலுக்கு ஒட்டும் வலையும் வாங்கினால் ஒரு முறைச் செலவோடு முடியும்.

காய்ச்சல் வந்தால் எண்ணெய்ப் பாட்டிலை வைத்துவிட்டு அன்றே இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மலேரியாச் சோதனை மாநகராட்சி மருந்தகங்களில் இலவசம். டெங்குவுக்குக் காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் என்எஸ்1 என்ற இரத்தச் சோதனை, அதன் பிறகு ஐஜிஎம் என்ற சோதனை. பரிசோதனை முடிவு வரும்வரை பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம்.

6. வாங்கும் இடமும் எச்சரிக்கையும்

வேப்பெண்ணெய், கற்பூரம், வசம்பு எல்லாம் மாட்டுங்காவில் நம் கடைகளில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். வேறு பகுதியில் வேப்பிலைக்குக் "கடுநிம்ப" என்றும், நொச்சிக்கு "நிர்குடி" என்றும் மராத்தியில் கேளுங்கள்; "கடிபத்தா" என்றால் கறிவேப்பிலை வந்துவிடும். பூச்சி மருந்து எதுவானாலும், "மூலிகை" என்று எழுதிய அகர்பத்தியானாலும், உறையில் மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

குழந்தை இருக்கும் வீட்டில் கற்பூரமும் வேப்பெண்ணெயும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும். வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுத்து மூளை பாதித்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. பூனை வளர்ப்பவர்கள் பெர்மெத்ரினையும் டீ ட்ரீ எண்ணெயையும் அதன் அருகில் கொண்டுபோகக் கூடாது. இரண்டும் பூனைக்கு நஞ்சு.

7. வீட்டுக்காரரும் மாநகராட்சியும்

அறை பார்க்கும்போதே கட்டில் மூட்டுகளைப் பாருங்கள். புரோக்கர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. மகாராஷ்டிரத்தில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. வழக்கமாக 11 மாதத்துக்குப் போடுவார்கள். கையெழுத்துக்கு முன், குடிபுகும் முன்பே பூச்சி மருந்து அடித்து ரசீது தர வேண்டும், முதல் இரண்டு மாதத்தில் மூட்டைப்பூச்சி தென்பட்டால் செலவு வீட்டுக்காரருடையது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். குடிபுகுந்த அன்றே கட்டில், சுவர், ஜன்னல் விளிம்பு எல்லாவற்றையும் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதி தானாகப் பதிவாகிவிடும்.

பொது இடத்தில் நீர் தேங்கியிருந்தால் மாநகராட்சியின் 1916 எண்ணை அழைத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வார்டு என்று கேட்பார்கள்: மாட்டுங்கா, சயான் என்றால் எஃப் நார்த், தாராவி ஜி நார்த், செம்பூர் எம் வெஸ்ட். புகை அடிக்க மட்டும் கேட்காதீர்கள், அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தேங்கிய நீரைப் பார்க்க ஆள் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் டிரம்மிலேயே புழு இருந்தால் அவர்கள் உங்களுக்கே நோட்டீஸ் தருவார்கள் என்பதால், அழைப்பதற்கு முன் உங்கள் வீட்டு நீரைச் சரிபார்த்துவிடுங்கள்.

அறை மாறும்போது பழைய மெத்தையை எடுத்துப் போகாதீர்கள்; தெருவில் கிடக்கும் கட்டிலையும் எடுக்காதீர்கள். பைகளைப் புதிய அறைக்குள் திறக்கும் முன் துணிகளை ஒரு முறை லாண்டிரிச் சூட்டில் ஓட்டிவிடுங்கள். சாவி கொடுக்கும் நாளில் மருந்து அடித்த ரசீதுகளின் நகலை வீட்டுக்காரரிடம் கொடுத்து, பூச்சிக்காக டெபாசிட்டில் பிடித்தம் இல்லை என்று செய்தியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.